மிளகுக்கு 15 பைட்

கொச்சியின் மட்டாஞ்சேரி ஜூ டவுனில், பரதேசி யூத ஜெபாலயத்தை ஒட்டி ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. ஜெபாலயம் 1568-இல் எழுந்தது. மணிக்கூண்டு 1760-இல் எசக்கியேல் ரஹாபி என்ற யூத வணிகர் கட்டியது. கூண்டுக்குள் ஓடுவது ஒரே கடிகாரம்தான். முகங்களில் உள்ள எண்கள் மட்டும் வேறு வேறு. கொச்சி ராஜாவின் அரண்மனைப் பக்கம் மலையாள எண்கள். மற்ற முகங்களில் ஒன்றில் ஹீப்ரு, ஒன்றில் ரோமன். எந்தப் பக்கம் யார் நிற்பார்கள் என்று பார்த்து, அவரவருக்குப் படிக்க வருகிற எண்ணைப் பதித்திருக்கிறார்கள்.

முதல்முறையாக ஒரு சிறிய வலைத்தளம் அமைக்க நினைப்பவர்களுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை. அதே தெருவில் ஒரு மசாலாக் கடையோ, நாலு அறை கொண்ட ஹோம்ஸ்டேயோ நடத்துகிறவர் தளம் தொடங்க வேண்டும் என்றதும் பெரும்பாலும் எதைக் கேட்கிறார்? எந்த சாஃப்ட்வேர், என்ன கலர், முகப்பில் படம் ஓடுமா. இவை எல்லாம் பிறகு வரட்டும். முதலில் ஒரு தாளை எடுத்து, இந்தத் தளத்துக்கு யார் வருவார்கள், வந்ததும் என்ன கேட்பார்கள் என்று எழுத வேண்டும். கணினியைத் திறக்காமலே பாதி வேலை இங்கே முடிந்துவிடும்.

கோயம்புத்தூரிலிருந்து ஒரு குடும்பம் வார இறுதியில் கொச்சிக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். சனிக்கிழமை காலை ஜெபாலயம் பார்க்கலாம் என்று திட்டம். சனிக்கிழமை அங்கே பார்வையாளர்களுக்கு அனுமதி கிடையாது, யூதர்களின் ஓய்வு நாள். வெள்ளி பிற்பகலும் அப்படித்தான். பக்கத்தில் உள்ள டச்சு அரண்மனைக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. இந்த இரண்டு வரியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் தன் தளத்தில் தெளிவாக எழுதி வைக்கிற ஹோம்ஸ்டேக்காரர், அந்தக் குடும்பத்துக்கு ஒரு நாளை மிச்சப்படுத்திக் கொடுக்கிறார். "கடவுளின் சொந்த நாட்டுக்கு வரவேற்கிறோம்" என்று முகப்பில் போடுவதால் யாருக்கும் எதுவும் தெரிந்துவிடாது.

மசாலாக் கடைக்கு வருகிற ஆள் வேறு. சில்லறைக்கு வாங்குபவர் விலையும் கூரியர் செலவும் கேட்பார். மொத்தத்துக்கு வாங்குபவர் முதலில் கேட்பது லிட்டர் வெயிட். ஒரு லிட்டர் கொள்ளும் பாத்திரத்தில் மிளகை நிரப்பி நிறுத்தால் எத்தனை கிராம் என்பதுதான் கணக்கு. முற்றிய மணி கனமாக இருக்கும், பிஞ்சும் பொக்கும் எடை குறைக்கும். ஆகவே 550 என்று ஒரு எண்ணைச் சொன்னாலே சரக்கின் தரம் பாதி புரிந்துவிடும். அப்புறம் ஈரப்பதம், சுத்தம் செய்ததா இல்லையா. இதே ஜூ டவுனில், 1957-இல் தொடங்கிய இந்திய மிளகு மற்றும் நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் கூடத்தில் வியாபாரிகள் குரல் கொடுத்தே மிளகின் முன்பேர விலையைக் கூறி முடித்த காலம் உண்டு. பிறகு அந்த வியாபாரம் கணினித் திரைக்குப் போனது. கூவிய நாட்களில் ரகம், மாதம், விலை என்பதைத் தாண்டி அங்கே வேறு பேச்சுக்கு இடமில்லை. கேட்பவருக்கு எது தேவை என்று இரு தரப்புக்கும் தெரிந்திருந்தது. மிளகு பற்றிய பக்கம் எழுதுகிறவர் அந்தச் சிக்கனத்தைத்தான் பிடிக்க வேண்டும்.

இப்படிக் கேள்விகளை எழுதிக்கொண்டு போனால் ஒரு சிறு தளத்துக்கு நாலைந்து பக்கங்களுக்கு மேல் தேவைப்படாது. ஒரு கேள்விக்கு ஒரு பக்கம். அடுத்ததாக, மாறுவது எது, மாறாதது எது என்று பிரித்து வைக்க வேண்டும். கடையின் வரலாறு மாறாது. மிளகு விலை தினம் மாறும். வழி சொல்வதுகூட மாறும்: எர்ணாகுளம் ஹைகோர்ட் ஜெட்டியிலிருந்து ஃபோர்ட் கொச்சிக்கு வாட்டர் மெட்ரோ படகு ஓடத் தொடங்கியது 2024-இல்தான். அதற்கு முன் எழுதிய "எப்படி வருவது" பக்கங்கள் அன்றே பழசாகிவிட்டன. மாறுகிற விஷயங்களையெல்லாம் ஒரே பக்கத்தில் சேர்த்து வைத்தால் திருத்துவது சுலபம். பத்து இடங்களில் விலையைத் தூவி வைத்தால் ஒன்பதைத்தான் திருத்துவோம்.

தாள் வேலை முடிந்தபின் கட்டும் வேலை. இது எவ்வளவு எளிது என்பது பலருக்கு நம்ப முடியாததாக இருக்கும். 1989 மார்ச்சில் ஜெனிவா அருகே செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தார். இயற்பியலாளர்களின் ஆவணங்கள் வெவ்வேறு கணினிகளில் சிதறிக் கிடந்தன. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவ வழி வேண்டும் என்பதுதான் கவலை. 1991-இல் உலகத்தின் முதல் வலைத்தளம் பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அது ஓடிய கணினியின் மேல், இது சர்வர், யாரும் அணைத்துவிடாதீர்கள் என்று சிவப்பு மையில் கையால் எழுதி ஒட்டியிருந்தார்கள். 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் இந்தத் தொழில்நுட்பத்தைக் கட்டணமின்றி உலகுக்கே விட்டுக்கொடுத்தது. மட்டாஞ்சேரி கடைக்காரர் இன்று ஒரு பைசா உரிமத் தொகை கட்டாமல் பக்கம் எழுத முடிவது அந்த ஒரு முடிவால்தான்.

பெர்னர்ஸ்-லீ வகுத்த எச்டிஎம்எல் மொழியில் ஆரம்பத்தில் சுமார் இருபது குறிகள்தான் இருந்தன. கோண அடைப்புக்குள் எச்1 என்று எழுதினால் அடுத்து வருவது தலைப்பு. பி என்றால் பத்தி. ஏ என்றால் வேறு பக்கத்துக்குப் போகும் இணைப்பு. தொடங்கிய குறியை ஒரு சாய்கோடு போட்டு முடிக்க வேண்டும். அவ்வளவுதான். நோட்பேட் போதும், எழுதிய ஃபைலைச் சேமித்து பிரவுசரில் திறந்தால் பக்கம் கண் முன்னே நிற்கும். இணைய இணைப்புகூட வேண்டாம். 2007-இல் கோழிக்கோட்டில் ஸ்ரீலட்சுமி சுரேஷ் என்ற சிறுமி தன் பள்ளிக்கு வலைத்தளம் வடிவமைத்துப் பெயர் வாங்கினாள், அப்போது அவளுக்கு எட்டு வயது. இழுத்து வைத்துக் கட்டும் தயார் சேவைகளும் இன்று நிறைய உண்டு. அவற்றைப் பயன்படுத்துவதில் தவறில்லை. ஆனாலும் ஒரே ஒரு பக்கத்தையாவது கையால் எழுதிப் பார்க்கச் சொல்வேன். பிறகு எந்தச் சேவையில் என்ன கோளாறு வந்தாலும் எங்கே பார்ப்பது என்று கைக்குத் தெரியும்.

தமிழில் எழுதும்போது ஓர் அற்புதம் நடக்கிறது, நாம் அதைக் கவனிப்பதே இல்லை. கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டும் தெரியும். யூனிகோட் என்ற உலகப் பொது அட்டவணையில் ஒவ்வொரு எழுத்துக்கும் ஓர் எண். 'ம' என்பது 2990. அதன் மேல் ஏறும் இகரக் குறி 3007. 'ள' 2995, 'க' 2965, உகரக் குறி 3009. இந்த ஐந்தும் சேர்ந்தது மிளகு. இந்த எண்களைக் கம்பியில் அனுப்ப, 1992-இல் கென் தாம்சன் வகுத்த யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் மூன்று பைட்டாகப் பிரிகிறது. ஒரு பைட்டில் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண் அடங்கும். 'ம' இப்படிப் போகிறது: 224, 174, 174. இகரக் குறி 224, 174, 191. 'ள' 224, 174, 179. 'க' 224, 174, 149. உகரம் 224, 175, 129. மொத்தம் 15 பைட். ஆங்கிலத்தில் இதே பொருளுக்கு ஆறு எழுத்து, ஆறு பைட்.

வரிசையை மறுபடி பாருங்கள். ஒவ்வொரு மூன்றிலும் முதல் எண் 224. இரண்டாவது 174 அல்லது 175. தமிழ் எழுத்து எதுவானாலும் இப்படித்தான். 224 என்பது "இங்கே மூன்று பைட் சேர்ந்து ஓர் எழுத்து" என்ற அறிவிப்பையும் தாங்கி நிற்கிறது. எந்த எழுத்து என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது கடைசி எண்தான். முதல் இரண்டும் திரும்பத் திரும்ப அப்படியே வருவதால், சர்வர் பக்கத்தைச் சுருக்கி அனுப்பும்போது தமிழ் நன்றாகவே சுருங்குகிறது. தமிழ்ப் பக்கம் மூன்று மடங்கு கனம் என்ற பயம் நடைமுறையில் அவ்வளவாக நிற்பதில்லை.

கொச்சி என்று எழுதினால் இன்னொரு வியப்பு. 'கொ'வில் உள்ள ஒகரக் குறி கண்ணுக்கு ககரத்தின் இரு பக்கமும் நிற்கிறது. சேமிப்பில் அது ககரத்துக்குப் பின்னால் வருகிற ஒற்றை எண். நாம் உச்சரிக்கும் வரிசையில் எண்கள் கிடக்கின்றன. அதைப் பிளந்து முன்னும் பின்னும் வைத்து வரைவது திரையில் உள்ள எழுத்துருவின் வேலை.

இது இவ்வளவு சுலபமாக எப்போதும் இருந்ததில்லை. 1995 அக்டோபரில் சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமியின் உழைப்பால் தமிழ்க் கவிதைகள் வலையில் ஏறின. 1998 பொங்கலன்று கல்யாணசுந்தரம் சுவிட்சர்லாந்திலிருந்து மதுரைத் திட்டத்தைத் தொடங்கி, பழந்தமிழ் நூல்களைத் தன்னார்வலர்களின் துணையோடு தட்டச்சு செய்து வெளியிட்டார். அந்த நாட்களில் ஒவ்வொரு தளமும் தனக்கென்று ஓர் எழுத்துருவை இறக்கிக்கொள்ளச் சொல்லும். அது இல்லாத கணினியில் பக்கம் வெறும் கிறுக்கலாகத் தெரியும். இன்றும் சில நேரம் தமிழ்ப் பக்கத்தைத் திறந்தால் தலையில் கோடு போட்ட ஆங்கிலச் சின்ன 'ஏ'யும், வட்டத்துக்குள் 'ஆர்' குறியும் வரிசையாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். பழைய மேற்கத்திய அட்டவணையில் 224-க்கு உரியது அந்த 'ஏ'. 174-க்கு உரியது அந்த 'ஆர்'. அதாவது தமிழ் பத்திரமாகத்தான் வந்து சேர்ந்திருக்கிறது, பிரவுசர் தப்பான அட்டவணையை வைத்துப் படிக்கிறது. பக்கத்தின் தலைப்பகுதியில் "இது யுடிஎஃப்-8" என்று ஒரு வரி எழுதிவிட்டால் தீர்ந்தது. இது எந்த மொழிப் பக்கம் என்று அறிவிக்கவும் ஒரு சொல் உண்டு. பார்வையற்றவருக்குப் பக்கத்தைப் படித்துக் காட்டும் மென்பொருள் அதைப் பார்த்துத்தான் தமிழ்க் குரலைத் தேர்ந்தெடுக்கும். தமிழும் கொங்கணியும் குஜராத்தியும் மலையாளமும் ஒரே தெருவில் புழங்கும் மட்டாஞ்சேரியில் இந்த ஒரு சொல்லை விட்டுவிடக் கூடாது.

பக்கம் தயார். இனி அதற்கு ஒரு பெயரும் குடியிருக்க ஓர் இடமும் வேண்டும். பெயர் டொமைன், இடம் ஹோஸ்டிங். கணினிகள் ஒன்றையொன்று எண்ணால் அழைக்கின்றன. மனிதருக்கு எண் நினைவிருக்காது என்பதால் 1983-இல் பால் மொகபெட்ரிஸ் பெயரையும் எண்ணையும் இணைக்கும் டிஎன்எஸ் ஏற்பாட்டை வடிவமைத்தார். நீங்கள் .in என்று முடியும் ஒரு பெயரைத் தட்டியதும் அது வலப்பக்கத்திலிருந்து விசாரிக்கப்படுகிறது. முதலில் வேர் சர்வர், அது இந்தியப் பெயர்களின் பதிவேட்டைக் காட்டும், அது உங்கள் பெயர் எங்கே பதிவாகியிருக்கிறது என்று சொல்லும். .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர் என்று தமிழிலேயே முடியும் பெயர்களும் இன்று உண்டு.

ஹோஸ்டிங் என்றால் எங்கோ இருக்கும் ஒரு கணினியில் உங்கள் ஃபோல்டருக்கு இடம் வாடகைக்கு எடுப்பது. அது மும்பையிலா, ஃபிராங்க்ஃபர்ட்டிலா என்பது முக்கியம். "கிளவுட்" என்ற சொல் எல்லாம் வானத்தில் நடப்பதாக எண்ண வைக்கிறது. கொச்சிக்காரர்கள் அப்படி எண்ணவே வேண்டாம், இணையம் கரையேறும் ஊர்களில் ஒன்று அவர்களுடையது. ஜெர்மனியிலிருந்து ஆஸ்திரேலியா, ஜப்பான் வரை சுமார் 39,000 கிலோமீட்டர் ஓடிய சீ-மீ-வீ 3 என்ற கடலடிக் கம்பி இங்கே கரை தொட்டது. தென்னாப்பிரிக்காவிலிருந்து மொரிஷியஸ் வழியாக மலேசியாவின் பினாங்கு போகும் சேஃப் கம்பி 2002 முதல் இங்கே இறங்குகிறது. மிளகு போன அதே கடல்வழி.

ஆழ்கடலில் கிடக்கும் இந்தக் கம்பியின் தடிமன் இரண்டு சென்டிமீட்டரைத் தொடாது. உள்ளே கண்ணாடி இழைகள், ஒளி ஓடும் நடுப்பகுதி ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. எவ்வளவு தூய கண்ணாடியானாலும் 50 கிலோமீட்டர் போனதும் ஒளி பத்தில் ஒன்றாகிவிடும். 100 கிலோமீட்டரில் நூற்றில் ஒன்று. அதனால் வழியெல்லாம் கடல் தரையிலேயே ஒளிபெருக்கிகள் வைத்திருக்கிறார்கள். அவற்றுக்கு வேண்டிய மின்சாரமும் அதே கம்பியில் உள்ள செம்பு வழியாகக் கரையிலிருந்து போகிறது.

கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். கொச்சியிலிருந்து மும்பை சுமார் 1,000 கிலோமீட்டர், போய்வர 10 மில்லிவிநாடி. ஃபிராங்க்ஃபர்ட் சுமார் 7,500 கிலோமீட்டர், போய்வரக் குறைந்தது 75. ஒரு பக்கம் திறக்க ஒரு தடவை போய்வந்தால் போதாது. பெயரை விசாரிக்க, கைகுலுக்க, பூட்டுப் போட, பக்கத்தைக் கேட்க என்று நாலைந்து முறை போய்வர வேண்டும். லட்சத்தீவை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரி 3 அன்று கொச்சியிலிருந்து தீவுகளுக்கு 1,868 கிலோமீட்டர் கடலடிக் கம்பி திறந்துவைக்கப்பட்டது. அதுவரை அங்கே இணையம் செயற்கைக்கோளை நம்பியே இருந்தது. 36,000 கிலோமீட்டர் உயரத்தில் உள்ள செயற்கைக்கோள் வழியாக ஒரு கேள்வி போய் பதில் வர ஏறத்தாழ அரை விநாடி. அங்குள்ள கவரத்தித் தீவு கொச்சியிலிருந்து 400 கிலோமீட்டர்தான், கம்பியில் 4 மில்லிவிநாடி. ஒளியின் வேகத்தை யாரும் கூட்ட முடியாது. பாதையைக் குறைக்கலாம், பாரத்தைக் குறைக்கலாம். கடைக்காரர் கையில் இருப்பது இரண்டாவது.

பாரம் என்றால் பெரும்பாலும் புகைப்படம்தான். இந்தக் கட்டுரை முழுவதையும் ஒரு பக்கமாக வைத்தாலும் 100 கிலோபைட்டைத் தாண்டாது. கடை வாசலில் குவித்த ஏலக்காயைப் போனில் ஒரு படம் எடுத்தால் அது மட்டும் 3, 4 மெகாபைட். அந்தப் படத்தில் 1 கோடியே 20 லட்சம் புள்ளிகள் உண்டு. பார்ப்பவர் போனின் அகலத்துக்கு அதில் பத்தில் ஒரு பங்கே மிகை. அகலத்தை 1,200 புள்ளியாகக் குறைத்து ஏற்றினால் 200 கிலோபைட்டுக்குள் அடங்கும், கண்ணுக்கு வித்தியாசம் தெரியாது. நம் கண் வெளிச்ச மாற்றத்தைக் கூர்மையாகப் பிடிக்கும், நிற மாற்றத்தில் கொஞ்சம் மந்தம். ஜேபெக் முறை அந்த மந்தத்தைத் தெரிந்துகொண்டுதான் நிற விவரத்தைத் தைரியமாகக் கழிக்கிறது. பிரியாணிக் கடைகளின் மெனுவை முழுதும் படமாகப் போட்டு வைத்திருப்பதைப் பார்க்கும்போது மனம் சங்கடப்படுகிறது. தேடினால் கிடைக்காது, மொழிபெயர்க்க வராது, போன் எண்ணைத் தொட்டால் அழைப்பு போகாது. எழுத்தை எழுத்தாகவே வையுங்கள்.

போனைப் பற்றி இன்னும் ஒரு சிறு விஷயம். கணினிக்காக எழுதிய பழைய பக்கங்கள் உடையாமல் தெரிய வேண்டும் என்பதற்காக, போன் பிரவுசர்கள் பக்கத்தை 980 புள்ளி அகலத்தில் வரைந்து பிறகு சுருக்கிக் காட்டும் வழக்கம் வந்தது. அதனால்தான் சில தளங்களில் எழுத்து எறும்பாகத் தெரிகிறது. "போனின் சொந்த அகலத்திலேயே வரை" என்று தலைப்பகுதியில் ஒரு வரி சேர்த்தால் எழுத்து படிக்கும் அளவுக்கு வந்துவிடும்.

கட்டியது எவ்வளவு நாள் நிற்கும் என்பதும் ஒரு கேள்விதான். சீ-மீ-வீ 3 கால் நூற்றாண்டு உழைத்துவிட்டு 2024 இறுதியில் ஓய்வு பெற்றது. இலவச இடம் கொடுத்து லட்சக்கணக்கானவர்களைத் தளம் கட்டவைத்த ஜியோசிட்டீஸ் 2009 அக்டோபரில் மூடப்பட்டது. அங்கே மட்டும் வைத்திருந்தவர்களின் பக்கங்கள் அதோடு போயின, ஆர்வலர்கள் ஓடிப்போய்ப் பிரதி எடுத்த பகுதி மட்டும் மிஞ்சியது. ஆனால் 1991-இல் பொதுமக்கள் பார்வைக்கு வந்த அந்த முதல் தளத்தின் பிரதியை இன்றைய போனில் திறந்தாலும் எழுத்துப் பிசகாமல் படிக்கலாம். வெறும் எழுத்தும் இருபது குறிகளும் என்பதால், அதைப் படிக்கத் தெரியாத பிரவுசர் இன்னும் பிறக்கவில்லை. சின்னத் தளத்துக்கு நான் எளிமையை வற்புறுத்துவது அழகுக்காக அல்ல, ஆயுளுக்காக.

மட்டாஞ்சேரிக் கடைக்காரரோ, மதுரையில் அப்பளம் போடுகிறவரோ, இன்று தொடங்குகிறவர் யாரானாலும் மூன்று காரியம் செய்யுங்கள். டொமைனைத் தளம் கட்டிக் கொடுப்பவர் பெயரில் விடாமல் உங்கள் பெயரில், உங்கள் மின்னஞ்சலில் பதிவு செய்யுங்கள். புதுப்பிக்க வேண்டிய தேதியைக் கடைக் காலண்டரில் குறித்து வையுங்கள், தவறவிட்டால் அந்தப் பெயரை வேறு யாரும் வாங்கிவிடலாம். தளத்தின் ஃபோல்டர் முழுவதையும் ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள்.